பாலிஷ் அக்காவின் சிவப்புக் கோடுகள்

முதன்முதலில் பார்த்தபோது அவர் என்னைத் திருடன் என்று நினைத்தார். நானும் அவரைப் பற்றி ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அதனால் யாருக்கும் யார்மீதும் மனத்தாங்கல் இல்லை.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அது நிஜ விபத்தா, ஜோடித்த விபத்தா என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். இயந்திரவியல். அதை எங்கே சொன்னாலும் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன். அப்பாவுக்கு மட்டும் என் வேலை இன்னும் பிடிபடவில்லை. "அவ்வளவு படிச்சிட்டு, உடைஞ்ச வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து வேடிக்கை பாக்குற வேலையாடா?" என்பார். வேடிக்கை பார்க்க இல்லை, சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் என்று சொன்னேன். "அதுக்கு எதுக்குடா படிப்பு? உங்க சித்தி சும்மாவே செய்யுறாளே" என்றார்.

அன்று நான் பார்க்க வேண்டியிருந்தது ஒரு ரொட்டிக் கடை வேன். ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் ஆக்சிலேட்டர் இறங்காமல், வேன் சீறிக்கொண்டு போய் ஒரு கிடங்குச் சுவரில் மூக்கை நுழைத்திருந்தது. ஓட்டுநருக்கு முன்பல் ஒன்று போனதோடு சரி. அந்த வேனுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு வண்டியின் எஞ்சினை வைத்திருந்தார்கள். வைத்த பட்டறையிலேயே வேன் நின்றது. எங்கள் அலுவலகத்தில் இந்த மாதிரி வண்டி என்றாலே மேலதிகாரி கண்ணைச் சுருக்குவார். "ஒட்டுப்போட்ட வண்டி. நல்லாக் குடைஞ்சு பாரு" என்று அனுப்பினார்.

பட்டறையின் இரும்புக் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டு போதாது என்று, பின்னிய ஜடைபோல் இருந்த ஒரு செம்புப் பட்டையால் இரண்டு கதவையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. பட்டப்பகல். உள்ளே ஆட்கள் வேலை செய்யும் சத்தம் கேட்டது.

"யாரு?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கைவரை மடித்துவிட்ட காக்கிச் சட்டை. கையில் ஸ்பேனர். அதை அவர் பிடித்திருந்த விதத்தில் அது ஸ்பேனராக மட்டும் தெரியவில்லை.

"இன்ஷூரன்ஸ்ல இருந்து வர்றேன்க்கா. வேனைப் பாக்கணும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. கார்டு?"

கம்பி இடுக்கில் நீட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல மீசை இல்லையே."

"இப்ப வெச்சிருக்கேன்."

"எதுக்கு வெச்சீங்க?"

மீசை எதற்கு வைத்தாய் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. பதில் வராததை அவர் குறித்துக்கொண்டார். பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டார். கார்டில் இருந்த எண்ணுக்கு அல்ல. "கார்டு அடிச்சவன் போட்ட நம்பருதானே அது" என்று, ரொட்டிக் கடைக்காரரிடம் கேட்டு வேறொரு எண்ணுக்கு. "உங்க ஆளு எப்படி இருப்பாரு? நடக்குறப்ப தோள் ஒரு பக்கமா சாயுமா?" என்று விசாரித்தார். என் தோள் சாய்வது எனக்கே அன்றுதான் தெரியும்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. "எதை வேணா பாருங்க. ஆனா ஒரு நட்டைத் திருப்பினாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

தெரியும்தான். அந்தப் பட்டறையில் இருந்த ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு நட்டின் மீதும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பாதி நட்டின் மேல், மீதி அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேல். யாராவது நட்டை இம்மி திருப்பினாலும் கோடு இரண்டாக உடைந்து விலகி நிற்கும். நான் பெயிண்ட் என்று நினைத்தேன். நகத்துக்குப் பூசும் பாலிஷ். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குப்பி இருக்கும். அவருடைய பத்து விரல் நகத்திலும் கிரீஸ்தான் இருந்ததே தவிர, ஒரு நாளும் பாலிஷ் ஏறியதில்லை. தெருவில் அவருக்குப் பெயர் பாலிஷ் அக்கா.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பிற்பாடு ஒருநாள் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வரிசையாக உட்கார்ந்து நட்டு முறுக்குவார்கள். ஒருநாள் ஒரு பம்பு, நட்டு கழன்று, ஒருவரின் காலில் விழுந்தது. முறுக்கியது யார் என்று கேட்டபோது வரிசையில் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். மேஸ்திரி இவரைக் கைகாட்டினார். "நான் இல்லைங்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? வாய்தான் இருக்கு. வாய்ச் சொல்லை யாரு எடுத்தா?" வேலை போனது. "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனி நான் முறுக்கினது நான் முறுக்கினதாவும், அடுத்தவன் தொட்டது அடுத்தவன் தொட்டதாவும் தெரியணும்."

கல்யாணமாகி வந்த வீட்டில் பட்டறை இருந்தது. கணவர்தான் நடத்திவந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டத்தான் கை. கழட்டினார்னா மாட்டத் தெரியாது. மாட்டினாலும் நாலு போல்ட்டு மிச்சம் வெச்சிடுவாரு" என்பார் அக்கா. அந்த நாலு போல்ட்டுக்கு இடம் தேடப் போய்த்தான் இவர் தொழில் கற்றது. போகப்போகப் பட்டறை இவர் கைக்கும், ஒரு நெடுந்தூர லாரியின் ஸ்டீயரிங் அவர் கைக்கும் போயின. மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பார். இரண்டு பேருக்குமே அதுதான் சௌகரியம் என்று நினைக்கிறேன்.

பட்டறையின் பிழைப்பே எஞ்சின் மாற்றுவதுதான். உடம்பு கல்லுக்குண்டுபோல் இருக்கும் பழைய வண்டி, எஞ்சின் மட்டும் உயிரை விட்டிருக்கும். அதற்குப் பாகமும் கிடைக்காது. வேறொரு வண்டியின் நல்ல எஞ்சினைக் கொண்டுவந்து இதில் உட்கார வைப்பார்கள். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை அல்ல. எஞ்சினின் காது ஓரிடத்தில் இருக்கும், அதைத் தாங்க வேண்டிய வண்டிச் சட்டத்தின் தோள் இன்னோரிடத்தில் இருக்கும். அந்தக் காதையும் தோளையும் சேர்த்துப் பிடிப்பதுதான் மவுண்ட். எஞ்சினைத் தாங்கவும் வேண்டும், அதன் உதறலை வண்டிக்குள் விடாமலும் இருக்க வேண்டும். மருமகளும் மாமியாரும் ஒரே வீட்டில் இருக்க, நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் வேலை.

அக்கா தன் மவுண்டைத் தானே செய்வார். எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அட்டையை வெட்டி அளவு பார்த்து, அதே அளவில் கனமான தகடு வெட்டுவார். இரண்டு தகட்டுக்கு நடுவில் லாரி டயரிலிருந்து அறுத்த ரப்பர். மேலிருந்து கீழ்வரை ஒரே நீள போல்ட்டு. அதில் யானையைக் கட்டலாம். ஆனால் உதறல் கொஞ்சம் மிச்சமிருக்கும். "உங்க பட்டறை வண்டியில கண்ணாடி பாத்தா என் மூஞ்சி நாலா தெரியுதும்மா" என்று ஒரு வாடிக்கையாளர் புலம்பினாராம். "நாலுல நல்லதாப் பாத்து ஒண்ணை வெச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்.

இதை மாற்றியவர் அவருடைய கொழுந்தனார், கணவரின் தம்பி. மாடியில் மனைவியோடு இருந்தார்; கீழே பட்டறை, பின்கட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல். நடுவில் சில காலம் கோபித்துக்கொண்டு ஒரு பெரிய பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியவர். திரும்பும்போது ரெடிமேட் மவுண்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் உருளை. மேலும் கீழும் இரும்புத் தட்டு ஒட்டி, தட்டிலிருந்து ஒரு திருகுக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மேல் கம்பி எஞ்சினுக்கு, கீழ்க் கம்பி சட்டத்துக்கு. ஏதோ ஒரு சின்ன லாரிக்காகச் செய்தது. எந்த வண்டிக்கும் பொருத்தலாம். சட்டத்தில் பற்றவைக்கும் தாங்கியை மட்டும் அளவுக்கு வெட்டினால் போதும்.

"அண்ணி, நாளைக்கு இது கிழிஞ்சுதுன்னு வைங்க, வண்டி எந்த ஊர்ல நின்னாலும் கடையில கேட்டா எடுத்துக் குடுப்பான். நீங்க செஞ்சது கிழிஞ்சா உங்களைத்தான் தூக்கிக்கிட்டுப் போகணும்."

"தூக்கிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன எஞ்சினா?"

"விளையாடாதீங்க அண்ணி."

"முகம் தெரியாதவன் செஞ்ச சாமான்டா தம்பி. அவன் யாரு, எப்படிப்பட்டவன், இதை ஒட்டுன அன்னிக்கு அவன் வீட்ல சண்டையா, என்ன தெரியும் உனக்கு?"

ஒரு மவுண்டை இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடால் இரண்டாக அறுத்து உள்ளே பார்த்தாராம். ஒன்றுமில்லை, முழுக்க ரப்பர். "நடுவுல ஒரு ஆணிகூட இல்ல. இரும்பு இரும்பைத் தொடாம எப்படிடா பிடிக்கும்?" என்று கேட்டார். ஆனால் பிடித்தது. முதலில் மாட்டிய வண்டி தொட்டில்போல ஓடியது. கண்ணாடியில் ஒரே முகம். வாடிக்கையாளர்கள் வந்து கொழுந்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அக்கா வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

அப்படி மாட்டிய வண்டிகளில் ஒன்றுதான் சுவரில் மோதிய ரொட்டி வேன்.

மவுண்டில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. மிதியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் கிடைத்தது. கேபிளின் மேலுறை ஓரிடத்தில் கருகியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உருகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டதால் மிதி மேலே வரவில்லை. எஞ்சினின் சூடான பகுதி எதுவும் அதன் பக்கத்தில் இல்லை. யாரோ சிகரெட்டால் பொறுமையாகச் சுட்ட மாதிரி இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மாடியைப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே அணைத்த சிகரெட் துண்டுகள் கிடந்தன.

"உங்க பட்டறையில யாரு சிகரெட் பிடிப்பா?" என்று கேட்டேன்.

"பிடிக்கிறவன் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுப் பிடிக்கிறான்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் இன்னொரு வண்டியின் கேபிளும் இதே மாதிரி இறுகியது. அது ஒரு வாடகைக் கார். நல்ல வேளை, எங்கேயும் மோதவில்லை. அதிலும் ரெடிமேட் மவுண்ட், அதே மாதிரிக் கருகல். நானும் போய்ப் பார்த்தேன். அக்கா தன் கையால் மவுண்ட் செய்த பழைய வண்டிகளில் ஒன்றுக்குக்கூட இப்படி நேர்ந்ததில்லை. அதனால் அவருக்குக் கணக்கு நேர்க்கோடாகத் தெரிந்தது. கொழுந்தன் பெரிய பட்டறைக்குப் போய்வந்தான். அங்கிருந்து ஒரு சாமானைக் கொண்டுவந்தான். அதை மாட்டிய வண்டியிலெல்லாம் கேபிளைச் சுட்டுவைக்கிறான். பட்டறையின் பெயர் கெடும். வாடிக்கை எல்லாம் அந்தப் பெரிய பட்டறைக்குப் போகும். இவனும் அங்கே போய்ப் பெரிய ஆளாக உட்கார்ந்துகொள்வான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ரெடிமேட் மவுண்ட் மாட்டிய வண்டிகள் காலையில் ஸ்டார்ட் ஆகச் சோம்பல்படுகின்றன என்று சிலர் புகார் சொல்லியிருந்தார்கள். பேட்டரி வீக் என்று மாற்றியும் பார்த்திருந்தார்கள்.

"நல்ல பேட்டரியை எடுத்துக்கிட்டு செத்த பேட்டரியை வெச்சிருக்கான். ரெண்டு பக்கமும் வேலை பாக்குறான் சார், ரெண்டு பக்கமும்" என்றார் அக்கா.

எனக்கும் அது நம்பும்படியாகவே இருந்தது. சந்தேகப்படுவதில் இத்தனை தேர்ச்சி உள்ள ஒருவரை எங்கள் அலுவலகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"கையால சுட்டதுன்னு எழுதுங்க. எங்க வீட்டுக்காரர் இந்த வாரக் கடைசியில வர்றார். உங்க பேப்பரை அவர் முன்னால வெச்சு இவனைத் தனியா அனுப்பிடுறேன். அவரோட தம்பியாச்சே, என் வாய்ச் சொல்லை எடுக்க மாட்டார். எழுத்துன்னா எடுப்பார்."

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. வீட்டைவிட்டு அனுப்புவது மட்டுமல்ல அது. வாடிக்கையாளர் வண்டியில் வேண்டுமென்றே கைவைத்தவன் என்று எழுத்தில் வந்துவிட்டால், அந்தக் கொழுந்தனாரை எந்தப் பட்டறையும் வாசலில்கூட நிறுத்தாது. அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது.

"பார்த்த பிறகுதான் எழுதுவேன். சுட்டதை யாரும் பார்க்கலையேக்கா" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நேத்து அவனோட நின்னு டீ குடிச்சீங்களாமே?"

"குடிச்சேன். அவர்தான் வாங்கிக் கொடுத்தார்."

"அதானே பாத்தேன்" என்று உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பட்டறையின் சந்தேகப் பட்டியலில் நானும் முறைப்படி சேர்ந்தேன்.

கொழுந்தனாரும் சும்மா இருக்கவில்லை. தெருமுனையில் என்னை மறித்து, "சார், எங்க அண்ணி ஆரம்பத்துல இருந்தே இந்த மவுண்ட் வேணாம்னாங்க. அவங்களே சுட்டு வெச்சிட்டு என் மேல போடலாமில்ல? சாவி எல்லாம் அவங்க கழுத்துலதானே தொங்குது?" என்றார். சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே கூசினார். "நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க. அவங்கதான் எனக்குச் சோறு போட்டு வளர்த்தாங்க."

எனக்கு அவர்மீது இரக்கமும் வந்தது, சந்தேகமும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

அக்கா ஒரு பொறி வைத்தார். மரக்கடைக்காரர் ஒருவரின் ஜீப்புக்குப் புது எஞ்சின் ஏற்றும் வேலை முடியும் நிலையில் இருந்தது. அதிலும் ரெடிமேட் மவுண்ட்தான். புதுக் கேபிளை அவரே மாட்டினார். முனை நட்டுகளில் கோடு போடும்போதுதான் ஒரு யோசனை வந்தது: சிவப்புப் பாலிஷை யாரும் கடையில் வாங்கலாமே? நட்டைத் திருப்பிவிட்டு மறுபடி கோடு போட்டுவிட்டால்? தன்னுடைய குப்பியே ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, வாங்கித் தந்ததுதான் என்பதும் நினைவுக்கு வந்தது. உடனே சிவப்பில் அலுமினிய பெயிண்டும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயும் கலந்து, உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு நிறத்தை உண்டாக்கினார்.

ஓரகத்தி எட்டிப் பார்த்து, "என்னக்கா இது, அடிபட்ட கத்திரிக்கா மாதிரி?" என்றார்.

"உனக்கு எதுக்கு? பூசிக்கப் போறியா?"

"நான் எதுக்குக்கா பூசுறேன்? எப்படியும் என் மேலயும் ஒரு கோடு போட்டுத்தானே வெச்சிருக்கீங்க."

அக்கா குப்பியின் மூடியை இறுக்கித் திருகினார். அந்தப் பெண் ஏற்கெனவே மாடியில் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்.

ஜீப்பைப் பட்டறைக்குள் விட்டுப் பூட்டி, செம்புப் பட்டையை இறுக முடிந்து, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை என்னை வரச்சொல்லி அலுவலகத்துக்கே போன் வந்தது. "சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். வீட்டு ஆளுங்களை நம்ப முடியாது. உங்களையும் நம்பலை. ஆனா உங்களுக்கு இங்க சொந்தபந்தம் யாருமில்ல, அது போதும்."

நான் போனபோது கதவின் முடிச்சு அப்படியே இருந்தது. என் முன்னால் அவிழ்த்தார். நட்டுகளில் கத்திரிக்காய் நிறம் ஒரு மயிரிழைகூட உடையவில்லை. கேபிளும் புதிதுபோலவே இருந்தது. அக்காவின் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். ஏமாற்றம்தான் வந்தது.

மாடியிலிருந்து கொழுந்தனாரைக் கூப்பிட்டார். "வா தம்பி. ஸ்டார்ட் பண்ணு."

அவர் சாவியைத் திருப்பினார். புது பேட்டரி. ஆனாலும் ஸ்டார்ட்டர், திங்கட்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பையனைப்போல, "உர்ர்... ம்ம்... உர்ர்" என்று முனகியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

"பாத்தீங்களா சார்! பேட்டரி நான் வாங்கினது. நான் மாட்டினது. அதையும் ஏதோ பண்ணிட்டான். கேபிளுக்குள்ளயும் ஏதோ சொருகியிருப்பான். இரு, கையிலயே புடிச்சுப் பாக்குறேன்."

ஓட்டுநர் பக்கக் கதவுவழியாக உடம்பை வளைத்து, மிதிக்கு மேலே கேபிளின் வெற்றுக் கம்பி தெரியும் இடத்தை உள்ளங்கையில் இறுகப் பற்றினார். "ம், திருப்பு. நிறுத்தாதே. நான் சொல்ற வரைக்கும் திருப்பு."

கொழுந்தனார் பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டித் திருப்பினார். உர்ர்... ம்ம்... உர்ர்...

அக்கா போட்ட அலறலில் ஓரகத்தி மாடியிலிருந்து ஓடிவந்தார். கம்பியை விட்டு உதறிக்கொண்டு பின்னால் விழுந்தவரின் உள்ளங்கையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

"பாவி! கரண்ட்டு வெச்சிட்டியாடா எனக்கு?"

"அண்ணி, சத்தியமா நான் சாவியைத்தான் தொட்டேன்!"

"சார், எழுதுங்க! கொலை முயற்சின்னு எழுதுங்க!"

கொழுந்தனார் அழும் நிலையில் இருந்தார். நான் எழுதவில்லை. கம்பியைத் தொட்டேன், இன்னும் சுட்டது. சிகரெட் இல்லை, பூட்டு உடையவில்லை, கோடு உடையவில்லை. எங்கள் கண்முன்னாலேயே கம்பி காய்கிறது. சாவியைத் திருப்பும்போது மட்டும்.

"மறுபடியும் ஒருதரம் திருப்புங்க. யாரும் கம்பியைத் தொட வேண்டாம்" என்றேன்.

திருப்பினார். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கேபிளின் உறையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அதே இடத்தில்தான் மற்ற வண்டிகளிலும் கருகியிருந்தது.

"இது வழியா கரண்ட்டு போகுது. ஸ்டார்ட்டரோட கரண்ட்டு. ஆனா இது வழியா ஏன் போகணும்?" என்றேன். போன கரண்ட்டு பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டும் என்பது முதல் வருடப் பாடம். பேட்டரியின் எர்த் ஒயர் வண்டியின் சட்டத்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் எஞ்சினில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு வரும் வழி எது?

நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். எரியும் கையை மடியில் வைத்துக்கொண்டு, பாதி தனக்குத்தானே சொன்னார்: "நடுவுல ஒரு ஆணிகூட இல்ல."

கொழுந்தனார் அவரைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய், பேட்டரி இறங்கின வண்டிக்குக் கொடுக்கும் தடித்த ஒயரை எடுத்து வந்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைச் சட்டத்திலும் கவ்வ விட்டார். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் நாய் பாய்வதைப்போலப் பாய்ந்தது. எஞ்சின் உடனே பிடித்து, தொட்டில்போல, ஒரு உதறலும் இல்லாமல் ஓடியது.

கொழுந்தனார் சாவியிலிருந்து கையை எடுத்தார். ஜீப் ஓடிக்கொண்டே இருந்தது.

எல்லா வண்டியிலும் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் கரண்ட்டு திரும்பி வரும் வழி. பழைய எஞ்சினை இறக்கும்போது அந்தப் பட்டையும் கழன்று வரும். இந்தப் பட்டறையில் அதைத் திரும்ப மாட்டும் வழக்கமே இல்லை. மாட்ட வேண்டிய தேவை வந்ததில்லை. அக்கா செய்த மவுண்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே போல்ட்டு போவதால், எஞ்சினும் சட்டமும் இரும்பால் தொட்டுக்கொண்டே இருந்தன. அந்த உதறலைக் கொண்டுவந்த அதே போல்ட்டு, கரண்ட்டையும் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. ரெடிமேட் மவுண்டில் ரப்பர் மட்டும். உதறலுக்கும் வழியில்லை, கரண்ட்டுக்கும் வழியில்லை. முன்வாசல் அடைத்திருந்தால் சுவரேறித்தானே போகும்? அகப்பட்டது, ஒரு முனை எஞ்சினிலும் மறுமுனை மிதிவழியாகச் சட்டத்திலும் இருக்கும் ஆக்சிலேட்டர் கேபிள். ரெடிமேட் மவுண்டை வேறு பட்டறைகளும் மாட்டின. அங்கெல்லாம் பட்டையைத் திரும்ப மாட்டும் வழக்கம் இருந்தது. பெரிய பட்டறையில் எலக்ட்ரிக் வேலைக்குத் தனி ஆள் என்பதால் கொழுந்தனாரும் அதைக் கவனித்ததில்லை.

அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். கதவில் தொங்கிக்கொண்டிருந்த செம்புப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். யாரும் உள்ளே வந்து கைவைக்கக்கூடாது என்று அவர் கதவைக் கட்டிக்கொண்டிருந்தது அதை வைத்துத்தான். ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றியது.

"இதுவா?" என்று கேட்டார்.

"அதேதான் அண்ணி" என்றார் கொழுந்தனார்.

அக்கா அதை முழங்காலில் தேய்த்துத் துடைத்தார். "அந்தப் பம்பு கம்பெனி மேஸ்திரிக்கும் அன்னிக்கு இப்படித்தான் நிச்சயமாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் புழக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. பட்டையைக் கொழுந்தனார் கையில் கொடுத்தார். அவர் ஜீப்பில் மாட்டி முறுக்கினார். முறுக்கி முடித்ததும் அக்கா சட்டைப் பையிலிருந்து சிவப்புக் குப்பியை எடுத்து அவரிடமே நீட்டினார். "நீ முறுக்கினது. நீயே போடு" என்றார். கொழுந்தனார் நட்டின் மேல் கோடு போட்டார். கோணலாக வந்தது. அக்கா அதைத் திருத்தவில்லை. அவரை அறிந்த எல்லோருக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஓரகத்தி அக்காவின் கையில் மருந்து தடவிக்கொண்டே, "கைரேகையே மாறிடுச்சுக்கா. இனிமேலாவது நல்ல காலம் வருதா பாப்போம்" என்றார். அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "மருந்து எங்க வாங்கினது? தேதி பாத்தியா?" என்று கேட்டார்.

கைவரிசை எதுவும் இல்லை, எர்த் பட்டை மாட்டாததே காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். தவறு பட்டறையுடையது என்பதையும் மறைக்கவில்லை. அக்கா மறைக்கச் சொல்லவும் இல்லை. ரெடிமேட் மவுண்ட் மாட்டிய ஒவ்வொரு வண்டியையும் தேடிப்பிடித்து வரவழைத்து, அண்ணியும் கொழுந்தனும் பட்டை மாட்டி அனுப்பினார்கள். வாரக் கடைசியில் லாரிக்காரர் வந்து இறங்கியபோது, அவரிடம் காட்ட ஒரு பேப்பரும் இல்லை, ஒரு புகாரும் இல்லை. கதவு ஏன் கட்டாமல் கிடக்கிறது என்று மட்டும் கேட்டாராம்.

ஆனாலும் கட்டிய பாத்திர மூட்டையை ஓரகத்தி அவிழ்க்கவில்லை. "சந்தேகப்பட்ட சட்டிச் சோறு தொண்டையில இறங்காதுக்கா. பக்கத்துத் தெருவுலதான் இருக்கப்போறோம். கூப்பிட்டா ஓடி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தடுக்கவில்லை. வண்டியில் சாமான் ஏற்றும்போது கூடவே நின்று, எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

இப்போது அந்தப் பட்டறையில் எல்லா வண்டிக்கும் ரெடிமேட் மவுண்ட்தான் மாட்டுகிறார்கள். கொழுந்தனார் பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் காலையில் வந்து வேலை செய்கிறார். அவர் முறுக்கிய நட்டில் பச்சைக் கோடு, அக்கா முறுக்கியதில் சிவப்பு. செம்புப் பட்டை மாட்டும் நட்டில் மட்டும் இரண்டும் இருக்கும். பாலிஷ் அக்காவுக்கு இடது உள்ளங்கையில் தழும்பு நிற்கிறது. போன மாதம் வேறொரு வண்டி விஷயமாகப் போனேன். கார்டைக் காட்டச் சொன்னார்.